வாஷிங் மெஷின் பார்க்க வந்தவர்

— மெதுவாப் பேசும்மா. பால்கனிக் கதவு திறந்திருக்கு, அவருக்குக் கேட்டுடப் போகுது.

— நான் மெதுவாத்தாங்க பேசறேன். நீங்கதான் ரகசியம் பேசறேன்னு மூணு வீட்டுக்குக் கேக்கற மாதிரி புஸ்புஸ்ஸுங்கறீங்க.

— அவர் கையைக் கவனிச்சியா?

— கவனிச்சேன். ரெண்டு இருந்துது.

— விளையாடாத. நகத்துல ஒரு பொட்டு அழுக்கு இல்ல. மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி, “கை கழுவணும், குழாய் எங்க இருக்கு”ன்னு கேட்டாரு. வேலை முடிஞ்சு கை கழுவற மெக்கானிக்கைப் பாத்திருக்கேன். கழுவிட்டு வேலையை ஆரம்பிக்கற மெக்கானிக்கை என் ஆயுசுல பாத்ததில்ல.

— சுத்தமான மனுஷன். அதுக்கு என்ன இப்போ?

— அதுக்கு என்னவா? ஸ்கூல்லேருந்து ஆள் வந்தாச்சும்மா! நம்ம குடும்பத்தை எடை போட அனுப்பியிருக்காங்க.

— ஏங்க, மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. குட்டிக்கு ஹாஸ்டல் ஸ்கூல் இன்டர்வியூ முடிஞ்ச நாள்லேருந்து, நம்ம வாசல்ல வந்து நிக்கறவங்க எல்லாரும் உங்களுக்கு ஸ்கூல் ஆளுதான். கரப்பான்பூச்சி மருந்து அடிக்க ஒரு அம்மா வந்தாங்க. அவங்களை சோபால உக்கார வச்சு, குட்டியோட டிராயிங் நோட்டை ஒவ்வொரு பக்கமாப் புரட்டிக் காட்டினீங்க. அந்தம்மா மருந்தே அடிக்காம ஓடிப்போயிட்டாங்க. கரப்பான்பூச்சிங்கதான் உங்களுக்கு நன்றி சொல்லிக்கிட்டுத் திரியுது.

— அந்தம்மா டிராயிங்கைப் பாத்து “ம்”னாங்க. சாதாரண “ம்” இல்லம்மா அது. மார்க் போடற “ம்”.

— சரி. கண்ணாடிக் கடையில என்ன பண்ணீங்க? கண் டெஸ்டுக்கு வந்த வயசானவங்களை சாயங்காலம் வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடலையாமே. உங்க முதலாளி எனக்குப் போன் பண்ணிக் கேக்கறாரு, “வீட்ல எல்லாம் சுகந்தானே”ன்னு.

— அவங்க ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுட்டு, படிச்சுட்டு, என் முகத்தையே பாத்தாங்க.

— கண்ணு தெரியாதவங்க வேற எங்கங்க பாப்பாங்க?

— நீ என்ன வேணா சொல்லு. இன்டர்வியூ அன்னைக்கு வெயிட்டிங் ஹால்ல பெரிய கைப்பையோட ஒரு அம்மா உக்காந்திருந்தாங்களே, அவங்க சொன்னதை நீயும்தானே கேட்ட? “இன்டர்வியூவோட முடியலீங்க, அதுக்கப்புறம்தான் ஆரம்பமே. சொல்லாம கொள்ளாம ஆள் அனுப்பி குடும்பத்தைப் பாப்பாங்க. யார் ரூபத்துல வருவாங்கன்னு யாருக்கும் தெரியாது”ன்னாங்களா இல்லையா?

— சொன்னாங்க. கடவுளைப் பத்தியும் இப்படித்தாங்க சொல்றாங்க. நானும் பொறந்ததுலேருந்து காத்துக்கிட்டிருக்கேன், ஒருத்தரும் வரல.

— உனக்கு எல்லாம் கேலி.

— கேலி இல்லீங்க, கழுத்து வலி. டிவியைக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டீங்க. நான் செய்தி பாக்கணும்னா தரையில குப்புறப் படுத்து, கழுத்தை ஆமை மாதிரி நீட்டிப் பாக்கணும்.

— வீட்ல டிவியே கிடையாதுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டோமே. வேற என்ன பண்றது?

— சொன்னது நீங்க.

— தலையாட்டினது நீ. அதோட விட்டியா? “சாப்பிடும்போது நாங்க உலக விஷயங்களைத்தான் பேசுவோம்”னு ஒரு போடு போட்டியே, அது யாரு?

— உப்பு கம்மின்னு சொல்றதும் உலக விஷயந்தாங்க. இருங்க, அவர் கூப்பிடறாரு.

— மேடம், கொஞ்சம் பால்கனிப் பக்கம் வர முடியுங்களா?

— வந்துட்டோம் சார்! வாம்மா. சிரிச்ச முகமா வா. அவ்வளவு வேண்டாம், பயமா இருக்கு. சொல்லுங்க சார்.

— என்னைப் போய் சார்ங்கறீங்களே, சார்.

— எங்க வீட்ல எல்லாரையும் சார்னுதான் கூப்பிடுவோம், சார். அது எங்க வளர்ப்பு.

— அப்படீங்களா? மிகவும் நல்ல பழக்கம் சார். நானும் என் வீட்டில் அப்படித்தான்.

— மெஷினுக்கு என்ன ஆச்சுங்க?

— பாருங்க மேடம், மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல. நேர்மையா சொல்லணும்னா, நடத்தற விதத்துலதான் தப்பு. அளவுக்கு மீறித் திணிக்கறீங்க.

— திணிக்கறோமா?

— ஆமாங்க. எவ்வளவு தாங்கும்னு பாக்கறதில்ல. இருக்கறது எல்லாத்தையும் ஒரே நேரத்துல உள்ள போட்டு, சுத்து சுத்துன்னா எப்படிங்க சுத்தும்? உள்ளேயே முறுக்கிக்கும். வெளியில பாத்தாத் தெரியாது, நல்லா ஓடற மாதிரிதான் இருக்கும். ஒருநாள் பொசுக்குனு நின்னுடும்.

— கேட்டியாம்மா?

— கேட்டேன். கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்.

— இன்னொண்ணு மேடம். வேலை முடிஞ்ச உடனே டப்புனு மூடிடறீங்க. அப்படி மூடியே வச்சா உள்ளுக்குள்ள புழுங்கிப் போயிடும். கொஞ்ச நேரம் திறந்து விடணும். காத்தாடணும்.

— விட்டுடறோம் சார். இன்னையிலேருந்தே விட்டுடறோம். சனிக்கிழமை கணக்கு டியூஷனை நிறுத்திடறோம்.

— எதைங்க சார்?

— ஒண்ணுமில்ல சார். நீங்க மேல சொல்லுங்க.

— சத்தம் எப்பலேருந்து வருதுங்க?

— சத்தமா? நாங்க சத்தம் போட்டே பேசறதில்ல சார். கருத்து வேறுபாடு வந்தா ஆளுக்கு ஒரு புத்தகத்தை எடுத்துக்கிட்டு உக்காந்துடுவோம்.

— ஏங்க, மெஷின்ல வர்ற சத்தத்தைக் கேக்கறாரு.

— ஓ. அது போன வாரத்துலேருந்து சார்.

— சரிங்க சார். பின்பக்கத்தைக் கழட்டிப் பாத்துடறேன்.

— டீ குடிக்கறீங்களாங்க?

— வேண்டாம் மேடம். வேலை நேரத்தில் நான் எதுவும் தொடுவதில்லை. அது என் கொள்கை.

— கொள்கையாங்க! சரி, நீங்க பாருங்க. நாங்க உள்ள இருக்கோம். ஏங்க, கொஞ்சம் சமையலறைக்கு வாங்க.

— என்னம்மா, முகமே மாறிப்போச்சு?

— எனக்கும் இப்ப லேசா சந்தேகம் வருதுங்க.

— அதான் சொன்னேன்!

— நான் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் ஆபீஸ்ல குப்பை கொட்டறவ. கடை தீப்பிடிச்சு எல்லாம் போச்சுன்னு அழறவன் சட்டையை மோந்து பாத்தே, அவனே பத்த வச்சானா இல்லையான்னு சொல்லிடுவேன். இந்த மனுஷன் எதையோ மறைக்கறாருங்க. கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். தனியா இருக்கும்போது, “கழண்டு வாடா கழுதை”ன்னு ஸ்க்ரூவைத் திட்டறாரு. என் தலையைப் பாத்ததும், “இந்தத் திருகாணி சற்றுப் பிடிவாதமாக இருக்கிறது மேடம்”ங்கறாரு.

— திருகாணியா!

— ஆமாங்க. அதோட, நம்மளைப் பாக்கறப்பல்லாம் முதுகை நிமித்திக்கறாரு. சட்டைப் பொத்தானைத் தடவிப் பாத்துக்கறாரு. வேவு பாக்க வந்தவங்க இப்படித்தாங்க நெளிவாங்க.

— திணிக்கறோம்னு சொன்னாரே, கவனிச்சியா? நேரா சொல்லாம மெஷினை வச்சு நம்ம வளர்ப்பைப் புட்டுப் புட்டு வைக்கறாரு. படிச்ச மனுஷன். ஹெட்மாஸ்டராவே இருந்தாலும் ஆச்சரியமில்ல.

— ஹெட்மாஸ்டர் வந்து நம்ம வீட்டு அழுக்குத் தண்ணியில கை விடுவாரா?

— பெரிய ஸ்கூல்ல எல்லாம் எளிமையா இருப்பாங்கம்மா. இங்க பாரு, நமக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கவே கூடாது. காட்டினா, நடிக்கறோம்னு மார்க்கைக் குறைச்சுடுவாங்க. எப்பவும் போல இரு. நான் போய் அந்த உலக உருண்டையைச் சுத்திக்கிட்டே ஏதாவது நாட்டைத் தேடறேன்.

— அது கீழ் வீட்டுக்காரங்களோடதுங்க. நேத்தே திருப்பிக் கேட்டாங்க.

— சார், மேடம், கிடைச்சிடுச்சுங்க!

— வந்துட்டோம் சார். என்ன கிடைச்சுது?

— இதாங்க. தண்ணி வெளியே போற குழாய் வாயில மாட்டிக்கிட்டிருந்துது. சின்னப் பிள்ளை தலை கிளிப். பட்டாம்பூச்சி போட்டது. கை விட்ட உடனே வந்துடுச்சு, யாரோ எடுக்கறதுக்குத் தோதா பாத்துப் பாத்து வச்ச மாதிரி.

— நாங்க வைக்கல சார்!

— நான் அப்படிச் சொல்லல சார். நான் யாரையும் எதுவும் சொல்ல மாட்டேன். நேர்மையா சொல்லணும்னா, இதுக்குப் போய் கூலி வாங்கக் கூடாது. எனக்கு எதுவும் வேண்டாம்.

— கூலி வேண்டாமா?

— வேண்டாம் மேடம். உழைக்காத காசு உடம்புல ஒட்டாது. என் பொண்ணுக்கும் இதைத்தான் சொல்லி வளக்கறேன்.

— ஏங்க, இங்க திரும்புங்க. கூலி வேண்டாங்கறாரு. இதுக்கு மேல எனக்கு ஆதாரம் வேண்டாம். இவர் மெக்கானிக்கே இல்ல.

— உஷ். சார், பொண்ணுன்னு சொன்னீங்களே. உங்களுக்குக் குழந்தைங்க?

— ஒரே பொண்ணு சார். பதினோரு வயசு. கேட்டீங்களே, சந்தோஷம் சார். கேப்பீங்கன்னு நினைச்சேன். வீட்ல அவளை மேனேஜர்னுதான் கூப்பிடுவோம். காலையில அவளை யாரும் எழுப்ப வேண்டாம், தானே எழுந்துப்பா. எழுந்த உடனே போர்வையை மடிச்சு வச்சுடுவா. சாப்பாட்டுல அது பிடிக்கல, இது பிடிக்கலன்னு ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல. எந்தக் கட்டில்ல படுக்க வச்சாலும் தூங்குவா. பத்துப் பேரோட ஒரே ரூம்ல இருக்கணும்னாலும் இருப்பா.

— கேட்டியா? போர்வை மடிப்பாளான்னு சாடையாக் கேக்கறாரு.

— கேட்டேன், நீங்க வாயை மூடுங்க.

— எங்க பொண்ணும் மடிப்பா சார்! மூலைக்கு மூலை சரியா வச்சு மடிப்பா. சில நாள் எங்க போர்வையையும் அவளே—

— போதுங்க!

— ஏம்மா?

— போதும். என்னால முடியல. சார், எங்க பொண்ணு போர்வையை மடிக்க மாட்டா. போர்வைக்குள்ள அவ எங்க இருக்கான்னு தேடி எடுத்துத்தான் நாங்க ஸ்கூலுக்கே அனுப்பறோம். ராத்திரி தூக்கத்துல எழுந்து வந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல படுத்துப்பா. கால் என் வயித்து மேல, கை இவர் மூக்கு மேல. கத்திரிக்காயைப் பாத்தாலே அழுவா. டிவி கட்டிலுக்கு அடியில இருக்கு. அந்த உருண்டை கீழ் வீட்டுக்காரங்களது. இவர் இப்ப அதுல தேடிக்கிட்டிருந்த நாடு கடல்ல இருக்கு.

— ஏய், என்ன பண்ற நீ? எல்லாத்தையும் கவுத்துட்டியே!

— கவுந்தாக் கவுந்துட்டுப் போகட்டும். எனக்கு அவளை அனுப்ப இஷ்டமில்லீங்க. என்னைக்குமே இஷ்டமில்ல. இன்டர்வியூ முடிஞ்சு வந்த நாள்லேருந்து எனக்குச் சோறு இறங்கல. கிடைக்கக் கூடாது, கிடைக்கக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டிருக்கேன்.

— இஷ்டமில்லையா? உனக்கா? நீ ஆசைப்படறேன்னுதானேம்மா நான் போய் இடம் கேட்டேன்!

— நான் ஆசைப்பட்டேனா? எப்போ?

— அன்னைக்கு வேலை முடிஞ்சு வந்து, உங்க ஆபீஸ் மேலதிகாரி அம்மாவோட பொண்ணு அந்த ஸ்கூல்லதான் படிக்குதுன்னு சொல்லிட்டு, இவ்வளவு நீளத்துக்குப் பெருமூச்சு விட்டியே! அதைக் கேட்டு எனக்கு நெஞ்சே வெடிச்சிடுச்சு. என் பொண்டாட்டி இப்படி ஏங்கறாளே, கடனை உடனை வாங்கியாவது இவளுக்கு இதைப் பண்ணிடணும்னு அன்னைக்கே முடிவு பண்ணினேன்.

— பெருமூச்சா? ஐயோ, அன்னைக்கு லிப்ட் ஓடலீங்க! நாலு மாடி பையைத் தூக்கிக்கிட்டு ஏறி வந்தேன். மூச்சு வாங்குச்சு!

— மூச்சு வாங்குச்சா?

— ஆமாங்க. தண்ணி குடுன்னு சைகை காட்டினேன். நீங்க கண் கலங்கி என் கையைப் பிடிச்சுக்கிட்டீங்க.

— அப்ப நீ ஆசைப்படவே இல்லையா?

— இல்ல. நீங்க?

— நானா? நேத்து மத்தியானம் அவ ரூம்ல தனியா உக்காந்து, அவ இல்லாம இருந்து பாத்தேம்மா. ஒத்திகை மாதிரி. அவ அப்ப பாத்ரூம்லதான் இருந்தா. அதுக்கே எனக்குத் தாங்கல.

— ஐயோ ராமா. அப்ப குட்டி? அவளாவது ஆசைப்பட்டாளா? நான் அவகிட்டயே கேட்டேங்க. “அப்பா ரொம்ப ஆசைப்படறாரும்மா, நான் போகலைன்னா அழுதுடுவாரு”ன்னா.

— எங்கிட்ட, அம்மாவுக்குப் பெருமையா இருக்கும்னாம்மா.

— ஆக, இந்த வீட்ல ஒருத்தருக்கும் பிடிக்காத ஒண்ணுக்காக, நான் ஒரு மாசமா ஆமை மாதிரி செய்தி பாத்துக்கிட்டிருக்கேன்.

— சார், மன்னிச்சுக்கோங்க. உங்களை வச்சுக்கிட்டே இப்படிப் பேசிட்டோம். எல்லாத்தையும் கேட்டுட்டீங்க. இனிமே மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

— பரவால்ல சார். எனக்கு எல்லாம் புரியுது. கதவு திறந்தப்பவே புரிஞ்சிடுச்சு.

— திறந்தப்பவேவா?

— ஆமா சார். நான் ஏறாத மாடி இல்ல. எந்த வீட்லயும் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டதில்ல, சார்னு கூப்பிட்டதில்ல. நீங்க எதுக்கு இப்படி நடந்துக்கறீங்கன்னு தெரியாதா? இப்ப எதுக்கு என் முன்னாடி இப்படிப் பேசிக் காட்டறீங்கன்னும் தெரியுது.

— சொன்னேன் இல்லம்மா? எல்லாம் தெரிஞ்சவரு.

— அதனால நானும் மறைக்காமப் பேசிடறேன் மேடம். பிள்ளையை விட்டுப் பிரிய மனசு வராதுன்னு நானும் சொன்னாத்தான் நல்ல அப்பன்னு நினைப்பீங்க. அந்தக் கேள்விக்கு அதுதான் சரியான பதில்னு எனக்கும் தெரியுது. ஆனா எனக்குப் பொய் வரல. எனக்கு என் பொண்ணை அனுப்பணும் மேடம்.

— அனுப்பணுமா?

— என் வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி டூட்டி. அவ கிளம்பற நேரத்துக்கு, நான் எவங்க வீட்லயாவது மெஷினுக்குள்ள தலையை விட்டுக்கிட்டிருப்பேன். என் பொண்ணு தானே சுட வச்சு, தானே போட்டுச் சாப்பிட்டு, தானே தாழ்ப்பாள் போட்டு, தானே விளக்கை அணைச்சுட்டுப் படுத்துடுவா. நான் போறப்ப தூங்கிக்கிட்டிருப்பா. அவ வளர்றதை அவ செருப்பைப் பாத்துத்தாங்க நான் தெரிஞ்சுக்கறேன். வாசல்ல கிடக்கும். அட, பெருசாயிடுச்சேன்னு நினைச்சுக்குவேன்.

— ஏங்க…

— சும்மா இரும்மா. உதாரணத்துக்குச் சொல்றாரு. இப்படி ஒரு குடும்பம் காத்துக்கிட்டிருக்கு, நீங்க எதுக்குக் குறுக்கன்னு கேக்கறாரு. கேக்கட்டும். நியாயந்தானே.

— மேனேஜர்னு கூப்பிடறோமே, அது செல்லமா வச்ச பேரு இல்ல மேடம். வேற வழியில்லாம வந்த பேரு. அங்க வந்தா, சாப்பிடறப்ப பக்கத்துல ஒரு ஆள் இருக்கும். சண்டை போட ரெண்டு பிள்ளைங்க இருக்கும். போர்வையை மடிக்கலைன்னு யாராவது திட்டுவாங்க. அவளை ஒரு தடவையாவது யாராவது “ஏ வாலு”ன்னு கூப்பிடணும். அவ வாலா இருந்து நான் பாத்ததே இல்ல. அவ்வளவுதான் மேடம். இதுக்கு மேல எனக்குப் பேசத் தெரியாது. தப்பாப் பேசியிருந்தா என் மேல போட்டுக்கோங்க, அவ மார்க்கைக் குறைச்சுடாதீங்க.

— ஏங்க, போதும். சொல்லிடுங்க.

— சொல்லிடவா?

— சொல்லிடுங்க. குட்டி கத்திரிக்காயைப் பாத்து அழுதுக்கிட்டு இங்கேயே இருக்கட்டும்.

— சார், ஒரே ஒரு வேண்டுகோள். எங்க பொண்ணை விட்டுடுங்க, அவளை நாங்க அனுப்பல. எங்களுக்குன்னு அந்த ஸ்கூல்ல ஒரு இடம் வச்சிருந்தீங்கன்னா, நீங்க இப்ப சொன்னீங்களே, அந்த மேனேஜர் பொண்ணு, அவளுக்கே குடுத்துடுங்க.

— ஆமாங்க. உங்க கையாலயே குடுத்துடுங்க. எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல.

— நான் குடுக்கறதா?

— ஆமா சார். இனிமே எங்ககிட்ட எதுக்கு ஒளிவுமறைவு? நீங்கதானே குடுக்கணும்?

— ஐயா, நான் நிஜமாவே மெஷின் பாக்கறவன்தாங்க. கொஞ்சம் இருங்க, எனக்குத் தலை சுத்துது. பெரிய கைப்பை வச்சிருந்த ஒரு அம்மா சொன்னதை நம்பி, நான் விடிஞ்சதுலேருந்து நகத்தைத் தேய்ச்சு, தமிழைத் தேய்ச்சு வந்திருக்கேன்… என் பொண்ணுக்கு இடம் குடுக்கலாமா வேண்டாமான்னு என்னைச் சோதிச்சுப் பாக்க, ஸ்கூல் வச்சிருக்கற ஆளுங்க நீங்க ரெண்டு பேரும்தானே?